பிட்ச் பெண்ட் ரேஞ்ச்: மிடி ரெக்கார்டிங்கில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அரசலாறு, கும்பகோணம்

ஆடி மாதத்து அம்மன் பாட்டு ஒன்று. சென்னையில் இருக்கும் நண்பர் நாதஸ்வரப் பகுதியை வீட்டிலேயே கீபோர்டில் வாசித்து மிடி ஃபைலாக (ஒலி இல்லை, எந்தக் கட்டையை எப்போது அழுத்தினார் என்பது போன்ற குறிப்பு மட்டும்) அனுப்பினார். அவர் பக்கம் எப்படிக் கேட்கிறது என்று போனில் போட்டுக் காட்டியிருந்தார், அருமையாக இருந்தது. இங்கே என் பிளகினில் (அந்தக் குறிப்பை வாத்திய ஒலியாக்கும் மென்பொருள்) போட்டால் சுரங்கள் சரியாக விழுகின்றன, ஜாரு (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவது) மட்டும் எல்லாம் முடங்கிப் போகிறது. ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்க வேண்டிய இடம் சுத்த ரிஷபத்தைக் கொஞ்சம் தாண்டியதும் நின்றுவிடுகிறது. பாடகி கேட்டுவிட்டு "நாயனக்காரருக்கு மூச்சு வாங்குதா அண்ணா?" என்கிறார்.

காரணம் இதுதான். வழுக்கலுக்கு கீபோர்டில் இருக்கும் பிட்ச் பெண்ட் வீலைத் திருப்புகிறோம், மிடி ஃபைலில் பதிவாவது அந்த வீல் எவ்வளவு திரும்பியது என்பது மட்டும். 0 முதல் 16383 வரை ஒரு எண், நடுவில் 8192. அந்தத் திருப்பம் எத்தனை அரைச்சுரம் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் தூரம்) என்பதை பிளகின்தான் தீர்மானிக்கிறது, அதுதான் ரேஞ்ச். நண்பர் 12 வைத்து வாசித்திருக்கிறார், என்னிடம் ஜெனரல் மிடி என்ற பொதுத் தரத்தின் வழக்கப்படி 2. அதனால் அவருடைய ஏழு அரைச்சுரம் என்னிடம் ஒன்றேகால்கூட வரவில்லை. இப்போதெல்லாம் யார் ஃபைல் அனுப்பினாலும் ட்ராக் பெயரிலேயே 'நாயனம் பெண்ட் 12' என்று எழுதி அனுப்பச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

குடமுருட்டி, திருவையாறு

வீட்டில் எல்லோரும் நாயனக்காரர்கள், நான் மட்டும் கீபோர்டு பக்கம் வந்துவிட்டேன். அதனால் எது வாசித்தாலும் திண்ணையிலிருந்து ஒரு தீர்ப்பு வரும். தோடி என்றால் கேட்கவே வேண்டாம், ராஜரத்தினம் பிள்ளை வாசித்துவிட்டுப் போன ராகத்தில் இந்த ஊரில் யாரும் யாருக்கும் சலுகை காட்ட மாட்டார்கள்.

தோடி காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஆட வேண்டும். காந்தாரத்தின் கட்டையையே அழுத்தி வீலை இரண்டு பக்கமும் ஆட்டினால் ரேஞ்ச் 2 போதும், கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் ஸ்பிரிங் வைத்த வீலில் நடுவில் கொஞ்ச தூரம் ஒன்றுமே நடக்காது. ஒவ்வொரு ஆட்டமும் அந்த இடத்தைக் கடக்கும்போது ஒரு நொடி காந்தாரத்தில் குந்திவிட்டுப் போகிற மாதிரி கேட்கும். பெரியப்பா அதைக் கேட்டதும் "நடுவுல ஏன்டா உட்காருற?" என்றார். அவருக்கு மிடியும் தெரியாது, வீலும் தெரியாது.

நான் செய்கிற வழி: ரேஞ்சை 4 ஆக்கிவிட்டு சுத்த ரிஷபத்தை அழுத்துவேன். அங்கிருந்து மேல்நோக்கி மட்டுமே ஆட்டம். சுத்த ரிஷபத்திலிருந்து சுத்த மத்தியமம் சரியாக நாலு அரைச்சுரம். அதனால் வீலை முட்டும் வரை தள்ளினால் மத்தியமம் தானாக வந்து நிற்கும், தாண்டவே முடியாது. வீலின் முட்டுதான் நமக்கு வீணையின் மெட்டு. பிடிக்குப் பிடி (ராகத்தின் சின்னச் சின்னச் சுரக்கோர்வை) இப்படித் தூரத்தை எண்ணி ரேஞ்ச் வைப்பேன். எல்லாவற்றுக்கும் 12 என்று வைத்துவிட்டு இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் புரியவில்லை. 12இல் ஒரு அரைச்சுரம் வேண்டுமென்றால் வீலைப் பன்னிரண்டில் ஒரு பங்குதான் நகர்த்த வேண்டும், விரல் அதற்குள் சறுக்கிவிடும்.

அரசலாறு

அண்ணா, பெரியப்பாவுக்கு என் வணக்கம். ஆனால் ஒரே ட்ராக்கில் நடுவே நடுவே ரேஞ்ச் மாற்றினால் பின்னாடி எடிட் பண்ணும்போது எந்த இடத்தில் எது என்று தெரியாமல் போகுமே?

குடமுருட்டி

மாற்ற மாட்டேன் தம்பி. தோடிப் பிடிகளுக்கு ஒரு ட்ராக், நீள ஜாருவுக்கு இன்னொன்று. இரண்டிலும் அதே பிளகின்தான், ரேஞ்ச் மட்டும் வேறு.

வெண்ணாறு, மன்னார்குடி

பிளகினுக்குள் போய்க் கையால் மாற்றுவதைவிட ட்ராக்கிலேயே ரேஞ்சை எழுதிவிடலாம், ஆர்பிஎன் என்று ஒரு வழி இருக்கிறது. கன்ட்ரோலர் என்பவை எண் போட்ட மிடி கட்டளைகள். கன்ட்ரோலர் 101இல் 0, 100இல் 0, அப்புறம் 6இல் எத்தனை அரைச்சுரமோ அந்த எண், 38இல் 0. கடைசியில் 101க்கும் 100க்கும் 127 கொடுத்து மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டால் பிறகு எங்கேயாவது 6ஆம் எண் கன்ட்ரோலர் வந்தால் அது ரேஞ்சை மாற்றிவிட்டுப் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே டிக்கில் (ட்ராக்கின் மிகச் சிறிய காலப் புள்ளி) அடுக்காதீர்கள், வரிசை மாறினால் வேலை செய்யாது. முதல் பாரை, அதாவது முதல் தாளக் கட்டத்தைக் காலியாக விட்டு, இந்தக் கட்டளைகளை அதில் கொஞ்சம் இடைவெளி விட்டு வையுங்கள், பாட்டு இரண்டாவது பாரில் தொடங்கட்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் சில பிளகின்கள் காதில் வாங்கிக்கொள்ளாது. நிறைய சாம்பிள் லைப்ரரிகள் (நிஜ வாத்தியத்தின் பதிவுத் தொகுப்புகள்) அந்த ரகம். அவற்றை வாசிக்கும் கான்டாக்ட் என்ற பிளகினில் ஸ்பேனர் படத்தைத் தட்டி உள்ளே போய், சோர்ஸ் பகுதியின் மாடுலேஷனில் பிட்ச் பெண்டுக்கு எதிரே இருக்கும் எண்ணை மாற்ற வேண்டும். எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருள் என்றால் சேனலின் பிட்ச் குமிழுக்குப் பக்கத்திலேயே ரேஞ்ச் இருக்கிறது. பெண்டை முழுக்க ஏற்றி எந்தச் சுரம் வருகிறது என்று டியூனரில் பார்த்துவிட்டு ரெக்கார்ட் பட்டனைத் தொடுங்கள், அரை நிமிட வேலை.

கொள்ளிடம், சீர்காழி

நான் சித்தப்பாவின் நரசிங்கம்பேட்டை நாயனத்தையே சுரம் சுரமாகப் பதிவு செய்து சாம்பிள் ஆக்கினேன், 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் வந்த உற்சாகம். ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் எடுத்தால் போதும், மீதியைப் பெண்ட் பார்த்துக்கொள்ளும் என்று ஸ்டுடியோ நண்பர் ஒருவர் சொன்னார். அப்படிக் கிடையாது. சாம்பிளை ஏழு அரைச்சுரம் ஏற்றினால் அது ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடுகிறது, அதற்குள் இருக்கிற அசைவும் ஒன்றரை மடங்காகிறது, நாயனம் பொம்மை ஊதல் ஆகிவிடுகிறது. ஆகவே நீள ஜாரு வேண்டுமென்றால் ரேஞ்ச் மட்டும் போதாது, சாம்பிள் தாங்க வேண்டும். பதிவு இல்லாமல் கணக்கிட்டே ஒலி உண்டாக்கும் மாடலிங் வகை பிளகின்களில் இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று, விலை குறைந்த சில கீபோர்டுகள் பெண்டை 128 படியாகத்தான் அனுப்பும். ரேஞ்ச் 2 என்றால் ஒரு படி சுமார் 3 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), யாருக்கும் கேட்காது. 12 என்றால் ஒரு படி 19 சென்ட் வருகிறது, ஜாரு மாடிப்படி ஏறுவது காதில் விழும். மிடி மானிட்டரில் எண்கள் 128, 128 ஆகத் தாவினால் உங்கள் கீபோர்டும் அதுதான். முழு 14 பிட் (16384 படி) வந்தால் 12 வைத்தாலும் ஒரு படி 0.15 சென்ட்தான், கவலையே இல்லை.

சுருதி பிடிக்கும் ஒத்தையும் நாயனத்தையும் ஒரே சேனலில் வைக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். பெண்ட் சேனல் முழுவதற்கும் பொருந்தும், ஜாருவோடு சுருதியும் சேர்ந்து ஏறும்.

வடவாறு, தஞ்சாவூர்

மச்சான் எம்பிஇ கீபோர்டு வாங்கி வந்தான். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல், அந்தச் சேனல்களுக்கு வழக்கமான ரேஞ்ச் 48. பிளகின் 2இல் இருந்தது. எவ்வளவு இழுத்தாலும் சுரம் அசையவே இல்லை, கீபோர்டு பழுது என்று கடைக்கு எடுத்துப் போகப் புறப்பட்டுவிட்டான். பிளகினிலும் 48 வைத்தோம், சரியாகிவிட்டது.

அரசலாறு

ஒரு சந்தேகம். 2 வைத்து வாசித்த பழைய ட்ராக்குகள் நிறைய இருக்கின்றன, புதிய பிளகின் 12ஐ விட்டு நகரவே மாட்டேன் என்கிறது. திரும்ப வாசிக்கத்தான் வேண்டுமா?

வெண்ணாறு

வேண்டாம் தம்பி. பெண்ட் டேட்டா மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து நடுக்கோட்டைச் சுற்றி ஆறில் ஒரு பங்காகச் சுருக்கு, அப்படியே பழையபடி வரும். 12இலிருந்து 2க்கு இறங்குவதுதான் சிக்கல், அங்கே இரண்டு அரைச்சுரத்துக்கு மேல் போன ஜாருவெல்லாம் முட்டி நின்றுவிடும். சென்னை நண்பரின் ஃபைலுக்கு பிளகின் ரேஞ்சை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

குடமுருட்டி

சுருக்கிய பிறகு ஒவ்வொரு பிடியின் முடிவிலும் பெண்ட் நடுவுக்குத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். எங்கேயாவது தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்த சுரம் முழுக்க அபசுரம்தான்.