பாலையூற்று வீட்டார் குழு: ஸ்லைடிங் மைட்டர் சோ எடுக்கிற கதை

வெள்ளிக்கிழமை

[காலை 6:52] நான்: எல்லாருக்கும் வணக்கம். பட்டறைக்கு ஸ்லைடிங் மைட்டர் சோ ஒண்டு எடுக்கப் போறன், கம்பியில முன்னும் பின்னும் ஓடி மரத்தைக் குறுக்க வெட்டுற மின்சார வாள். அக்காவின்ர நிலையும் யன்னலும் கைவாளால அரிஞ்சு தைப்பொங்கலுக்குள்ள முடிக்க ஏலாது. பிளேட் 10 இஞ்சோ 12 இஞ்சோ எண்டதிலதான் மூண்டு நாளா நிக்கிறன்.

[காலை 6:58] அத்தான்: பெரிசையே எடு மச்சான். எடுக்கிறது ஒருக்காத்தானே.

[காலை 7:03] மச்சான் (கனடா): இஞ்ச இன்னும் வியாழன் ராத்திரி. 10 இஞ்ச் ஸ்லைடிங் ஒண்டு மலிவுக்குப் போட்டிருக்கிறாங்கள் மச்சான். அடுத்த பெட்டி போடேக்க உள்ளுக்கு வைச்சு விடவோ?

[காலை 7:05] நான்: உண்மையாவோ? அனுப்பு மச்சான்!

[காலை 7:09] அத்தான்: பொறுங்கோ ரெண்டு பேரும். உங்க 120 வோல்ற், இஞ்ச 230. அந்த மெஷின் 15 அம்பியர் இழுக்கும், 1800 வாற். இறக்கிக் குடுக்க ட்ரான்ஸ்போமர் வேணும். மோட்டர் கிளம்பிற இழுவைக்கு 3000 வாற்றாவது தாங்கோணும். அதைப் பட்டறைக்குள்ள தூக்கி வைக்கவே ரெண்டு ஆள் வேணும். நேரா குத்தினா மோட்டர் அந்த நிமிசமே எரிஞ்சு போகும்.

[காலை 7:16] சின்ன மாமா: அத்தான் சொல்லுறது சரி. இன்னொண்டும் இருக்கு. அங்கத்தை 10 இஞ்ச் பிளேட்டுக்கு நடு ஓட்டை 5/8 இஞ்ச், 16 மில்லிமீற்றர் கூட வராது. இஞ்ச கடையில தொங்கிறது கூடுதலா 25.4, இல்லாட்டி 30. பல்லுத் தேஞ்சாப் பிளேட்டுக்கும் பெட்டி வரும்வரை பாத்துக்கொண்டு இருக்கோணும். மகன், நீ காசை வைச்சிரு. நல்ல பிளேட் ஒண்டுக்கு குடு.

[காலை 7:18] மச்சான் (கனடா): சரி அப்பா. பிளேட் என்ர கணக்கு.

[காலை 7:25] சின்ன மாமா: மருமகன், அளவு பாக்க முதல் நீ என்ன வெட்டப் போறாய் எண்டு எழுது.

[காலை 7:31] நான்: நிலைக்கு 4க்கு 3 முதிரை. யன்னல் சட்டம் 3க்கு 2. கதவுப் பலகை தேக்கு, அகலம் 9, 10 இஞ்ச். மிச்சம் பீடிங்கும் (ஓரத்துக்கு அடிக்கிற மெல்லிசுச் சட்டம்) படப் பிரேமும்.

[காலை 7:48] சின்ன மாமா: அப்ப உனக்குத் தேவை அகலம், உயரம் இல்லை. விளங்குதோ? ஸ்லைட் இல்லாத 10 இஞ்ச் மெஷின் ஐந்தரை இஞ்ச் அகலம்தான் குறுக்க வெட்டும். ஸ்லைட் இல்லாத 12 இஞ்ச், கிட்டத்தட்ட 8. உன்ர 10 இஞ்ச் கதவுப் பலகை ரெண்டிலயும் நிக்காது. அதே 10 இஞ்ச் பிளேட் கம்பியில ஓடினா 12 இஞ்ச் பலகை வரைக்கும் வெட்டும். 4க்கு 3 ஐப் படுக்க வைச்சா உயரம் 3 இஞ்ச், அதுவும் 10 இஞ்ச் ஸ்லைடிங்குக்குள்ள அடங்கும். 12 இஞ்ச் ஸ்லைடிங் உனக்கு எதுக்கு? பாரம் 25, 30 கிலோ. பிளேட் விலை கூட. பெரிய தகடு எண்டபடியா முதிரையில கொஞ்சம் நெளியவும் பாக்கும்.

[காலை 7:50] அத்தான்: நான் சொன்னதை வாபஸ் வாங்கிறன் மாமா.

[காலை 7:55] சின்ன மாமா: இல்லை, நீங்கள் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. தூணும் வளையும் ஒவ்வொரு நாளும் வெட்டுற ஆளுக்கு 12 வேணும். இவன் யன்னல்காரன்.

[காலை 8:10] பெரியம்மா: தம்பி ராசா, உந்தச் சாமான் கை வெட்டாதோ?

[காலை 8:12] நான்: கவனமாச் செய்வன் பெரியம்மா.

[மதியம் 12:40] சின்ன மாமா: சாப்பிட வந்தனான். மேசை எங்க வைக்கப் போறாய்?

[மதியம் 12:44] நான்: பின்சுவரோட இருக்கிற மேசையில மாமா. ரெண்டடி அகலம்.

[மதியம் 12:59] சின்ன மாமா: அதுதான் கேட்டனான். கன மெஷினுகளில மோட்டரும் பிளேட்டும் இருக்கிற தலையைப் பின்னுக்குத் தள்ளேக்க கம்பியும் பின்னால நீளும். சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில ஒரு அடிக்கு மேல வெறுமையா விடோணும். உன்ர ரெண்டடி மேசையில மெஷின் முன்னுக்குத் தொங்கும். மக்கீற்றாவின்ர எல்எஸ்1019 மாதிரி, கம்பி முன்பக்கமா நிக்க அதுக்கு மேலால தலை ஓடுறது இருக்கு. பொஷ் ஜிசிஎம் 12 ஜிடிஎல்லில கம்பியே இல்லை, முழங்கை மாதிரி மடியிற கை. அது 12 இஞ்ச், 30 கிலோவுக்கு மேல. சுவரோட ஒட்டி வைக்கிறதெண்டா உந்த வகைதான் பாக்கோணும். விலை கூட. இல்லாட்டி மேசையை ஒரு அடி முன்னுக்கு இழு, காசு மிச்சம்.

[மதியம் 1:02] நான்: மேசையை இழுக்கிறன் மாமா.

[மதியம் 1:20] சின்ன மாமா: கடையில என்ன பாக்கோணும் எண்டு சொல்லுறன். லேசர் லைற்றைப் பாத்து மயங்காத. பிளக்கைக் கழட்டச் சொல்லிப்போட்டு, தலையை முழுக்க முன்னுக்கு இழுத்து, பிடியைப் பிடிச்சு இடமும் வலமும் மெல்ல ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தா அந்த ஆட்டம் உன்ர ஒவ்வொரு வெட்டிலயும் வரும். பேந்து மெஷினின்ர மேசையைத் திருப்பி 45 பாகையில பூட்டிப் பார், 22.5 இல பூட்டிப் பார். டக்கெண்டு விழுந்து நிக்கோணும். லேசரை விட, பிளேட்டின்ர நிழல் மரத்தில விழுற மாதிரி லைற் பூட்டினது நல்லது. பிளேட் மாத்தினாலும் நிழல் பிழைக்காது, லேசரைப் பேந்தும் பேந்தும் திருத்தோணும்.

[மதியம் 1:24] மச்சான் (கனடா): அப்பா, இஞ்ச விடிய மூண்டு மணி. நித்திரை வரேல்ல, வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். பிளேட் எத்தனை பல்லு?

[மதியம் 1:33] சின்ன மாமா: 60 பல்லு ஒண்டு காணும் தொடங்க. நிலைக்கட்டைக்கு 40 கெதியா வெட்டும், பீடிங்குக்கு 80 வழுவழுப்பா வரும். ஆனா பல்லுக் கணக்கை விட முக்கியம் பல்லின்ர சாய்வு. ஸ்லைடிங்குக்கு பல்லு பின்பக்கம் சாய்ஞ்சிருக்கோணும், பெட்டியில கழித்தல் 5 பாகை மாதிரிப் போட்டிருக்கும். முன்பக்கம் கூடச் சாய்ஞ்ச பல்லு மரத்தைக் கவ்விக்கொண்டு தலையை உன்ர பக்கம் ஓட வைக்கும். மேசை வாளுக்கு விக்கிறதை மாறி வாங்கிப்போடாத. ஓட்டை அளவை மெஷின் புத்தகத்தைப் பாத்து மகனுக்கு எழுது.

[பின்னேரம் 5:15] அக்கா (நிலாவெளி): இப்பதான் டியூட்டி முடிஞ்சு வந்தன். எல்லாம் வாசிச்சன். தம்பி, மரத்தூளைப் பத்தி ஒருத்தரும் கதைக்கேல்லயே? மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995 இலயே முதலாம் வகுப்பில போட்டது. மூக்குக்குள்ளதான் கூடுதலா வரும். சேட்டைத் தூக்கி மூக்கை மூடுற வேலை வேண்டாம், மாஸ்க் வாங்கு. எனக்கு யன்னல் பிந்தினாலும் பரவாயில்லை.

[பின்னேரம் 5:22] சின்ன மாமா: பிள்ளை சொல்லுறது முழு உண்மை. இந்த மெஷினின்ர தூள் பை பாதியைக் கூடப் பிடிக்காது. முதிரைத் தூள் வேர்வையோட பட்டா கை கழுத்தெல்லாம் அரிச்சுத் தடிக்கும், எனக்கு வருசக்கணக்கா இருந்தது. பின்னால ஒரு படங்கை மூண்டு பக்கமும் மறைச்சுக் கட்டு. கண்ணாடி, காதுக்கும் போடு. கைக்கு மட்டும் கிளவுஸ் போடாத.

[பின்னேரம் 5:24] அக்கா (நிலாவெளி): ஏன் மாமா? கைக்குத்தானே பாதுகாப்பு வேணும்?

[பின்னேரம் 5:30] சின்ன மாமா: சுத்துற பிளேட் துணியைப் பிடிச்சா கையையும் சேத்து இழுத்துப் போடும் பிள்ளை. சாரமும் தொங்கிற துவாயும் அதுதான். காற்சட்டை போட்டுக்கொண்டு நிக்கச் சொல்லு.

[இரவு 8:05] சின்ன மாமா: மருமகன், இதை வடிவா வாசி. கிண்ணியாவில ஒரு வீட்டு வேலை. 2009 இல பாலம் திறக்கிறதுக்கு முதல், சாமானெல்லாம் மிதவைப் பாதையில ஏத்தித்தான் கொண்டு போனது. அங்கதான் முதன்முதல் மின்சார மைட்டர் பிடிச்சனான். வளைஞ்ச பாலைப் பலகை ஒண்டு. குழிஞ்ச பக்கத்தை ஃபென்ஸ் (மரத்தைச் சாத்தி வைக்கிற பின்தடுப்பு) பக்கம் வைச்சிட்டன். நடுவில இடைவெளி. முக்கால்வாசி வெட்டுப்படேக்க பலகை ரெண்டு பக்கத்தாலயும் பிளேட்டை நெரிச்சுது. தலை துள்ளி, துண்டு என்ர காதுக்குப் பக்கத்தால போய்ச் சுவரில அடிச்சுது. என்னோட நிண்ட பொடியனுக்குப் பதினேழு வயசு. அவன் அந்தப் பக்கம் நிண்டிருந்தா எண்டு நினைச்சு ரெண்டு நாள் நான் மெஷினைத் தொடேல்ல.

[இரவு 8:09] சின்ன மாமா: வளைஞ்ச மரமெண்டா முதுகுப் பக்கம் ஃபென்ஸோட. வெட்டுற இடத்தில ஃபென்ஸுக்கும் மரத்துக்கும் நடுவில வெளிச்சம் தெரியக் கூடாது. அப்ப வெட்டு வாய் விரியும், நெரிக்காது.

[இரவு 8:11] நான்: இதை எங்களுக்கு நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லையே மாமா.

[இரவு 8:13] சின்ன மாமா: நீ மெஷின் எடுக்கேல்லயே அப்ப.

[இரவு 8:27] சின்ன மாமா: வெட்டுற விதம். அகலப் பலகை எண்டா: தலையை உன்ர பக்கம் இழு, சுவிச்சை அமத்து, முழு வேகம் வரட்டும், இறக்கு, பின்னுக்குத் தள்ளி வெட்டு. இழுத்து வெட்டாத, பிளேட் மரத்தில ஏறி உன்னட்ட வரும். முடிஞ்ச உடன தூக்காத. சுவிச்சை விட்டு, பிளேட் நிண்டாப் பிறகு தூக்கு. கை பிளேட்டில இருந்து ஒரு சாண் தள்ளி, கையைக் குறுக்க போட்டுப் பிடிக்காத. சின்னத் துண்டெண்டா கிளாம்ப், இல்லாட்டி நீள மரத்திலயே வெட்டு. ஒடுக்கமான சட்டத்துக்கு ஸ்லைடைப் பூட்டிப்போட்டு மேல இருந்து இறக்கு, அது இன்னும் நேரா வரும். நெடுக்க அரியிறதுக்கு இதை ஒருக்காலும் பாவிக்காத.

[இரவு 8:30] பெரியம்மா: பத்திரகாளி அம்மனுக்கு நேர்ந்து கொள்ளுறன்.

ஞாயிற்றுக்கிழமை

[காலை 10:20] நான்: எடுத்திட்டன். 10 இஞ்ச் ஸ்லைடிங், 230 வோல்ற், 1500 வாற். ஆட்டிப் பாத்துத்தான் எடுத்தனான் மாமா. முதல் வச்சிருந்ததில ஆட்டம் இருந்தது, மற்றதை இறக்கச் சொன்னன். மச்சான், ஓட்டை 30, தனியா எழுதியிருக்கிறன். (படம்)

[காலை 10:26] அத்தான்: வயரை வீட்டுக்குள்ள இருந்து இழுக்காத. 1500 வாற் எண்டா ஆறரை அம்பியர்தான், 13 அம்பியர் பொயின்ற் தாங்கும். ஆனா மெல்லிசு எக்ஸ்டென்ஷனைச் சுருட்டி வைச்சபடி பாவிச்சா சூடேறும், மோட்டருக்கும் வோல்ற் குறையும். நான் பின்னேரம் தடிச்ச 2.5 வயரோட வாறன், ட்றிப் சுவிச்சும் ஒருக்காப் பாப்பம்.

[காலை 11:40] சின்ன மாமா: மரம் வெட்ட முதல் மெஷினை நேராக்கு. பெட்டிக்குள்ள இருந்து வந்த கோணத்தை நம்பாத. ரெண்டு ஓரமும் சீவி நேராக்கின 6 இஞ்ச் பலகை எடு. 0 இல வைச்சு வெட்டு. ரெண்டு துண்டையும் திரும்ப ஃபென்ஸோட சேத்து வை. வலது துண்டை மட்டும் கவிழ்த்துப் போடு, ஃபென்ஸ் பக்கம் நிண்ட ஓரம் உன்ர பக்கம் வரட்டும். வெட்டு முகம் ரெண்டையும் முட்ட வை. மேல இருந்து பாக்கேக்க முன்னுக்கோ பின்னுக்கோ வாய் திறந்தா ஃபென்ஸ் பிழை. குனிஞ்சு முன்பக்கம் பாக்கேக்க மேலயோ கீழயோ வெளிச்சம் தெரிஞ்சா தலைச் சரிவு பிழை. தெரியிற இடைவெளி பிழையின்ர ரெண்டு மடங்கு.

[மதியம் 12:25] நான்: பின்னுக்கு வாய் திறக்குது மாமா. கடதாசி மட்டை ஒண்டு போகும். (படம்)

[மதியம் 12:33] சின்ன மாமா: பிளக்கைக் கழட்டினியோ? கழட்டிப்போட்டு ஃபென்ஸ் போல்ற் நாலையும் இளக்கு, மூலைமட்டத்தைப் பிளேட்டின்ர தகட்டில வை, பல்லில படாமல். ஃபென்ஸைத் தட்டி ஒட்ட வை, இறுக்கு. திரும்ப வெட்டிப் பார். அலுப்புப் படாத. பிரேமுக்கு நாலு மூலை, எட்டு வெட்டு. வெட்டுக்கு அரைப் பாகை பிழைச்சா மூண்டு மூலையை ஒட்டி முடிச்சு நாலாவதுக்கு வரேக்க 4 பாகை வாய் திறந்திருக்கும்.

[பின்னேரம் 3:50] நான்: நாலாவது தரம். இப்ப மயிரிழை கூட இல்லை. (படம்)

[பின்னேரம் 3:52] சின்ன மாமா: அது! 👍

[பின்னேரம் 4:05] அக்கா (நிலாவெளி): அப்ப பொங்கலுக்கு யன்னல் வருமோ?

[பின்னேரம் 4:18] சின்ன மாமா: பிள்ளை, நிலையும் யன்னலும் கழுந்து (துளைக்குள்ள இறங்கிற முனை) போட்டுத்தான் பூட்டுறது, அது வரும். பீடிங்கைப் பொங்கலுக்குக் கேளாத. மரக்காலையில இருந்து வந்த தேக்கு, இந்த வாடை மழையில ஈரம் குடிச்சு நிக்குது. இப்ப 45 இல பொருத்தினா கச்சான் அடிக்கேக்க மரம் அகலத்தில சுருங்கும், நீளத்தில சுருங்காது. அப்ப மூலையின்ர உட்பக்கம் திறக்கும். அது மெஷினின்ர பிழையும் இல்லை, இவன்ர பிழையும் இல்லை. பலகைக்கு நடுவில றீப்பைத் துண்டு வைச்சு, காத்துப்போக உள்ளுக்கு அடுக்கி வைக்கட்டும்.

[பின்னேரம் 4:20] அக்கா (நிலாவெளி): சரி மாமா. காஞ்சாப் பிறகே வரட்டும்.

[பின்னேரம் 4:31] நான்: நிலாவெளிக்குக் கொண்டு போய் வெட்டுறதோ, இஞ்ச வெட்டிக்கொண்டு போறதோ மாமா?

[பின்னேரம் 4:40] சின்ன மாமா: அளவெடுத்து வந்து இஞ்ச வெட்டு. கடற்கரை உப்புக்காத்தில ரெண்டு நாள் நிண்டாலே கம்பியில துரு பிடிக்கும். வேலை முடிய ஒவ்வொரு நாளும் கம்பியைக் காஞ்ச துணியால துடை, கிறீஸ் பூசாத, தூள் ஒட்டிப் பசையாகும். மெழுகு லேசாத் தேய்.

[இரவு 7:15] நான்: அத்தான் வயர் இழுத்து முடிச்சிட்டார். முதல் வெட்டு மாமாவுக்கு ஒரு படப் பிரேம். அம்மப்பாவின்ர படத்துக்கு. பழைய யன்னல் கதவில கழட்டின தேக்கு, நாற்பது வருசம் காஞ்சது. நாலு மூலையும் பாருங்கோ. (படம்)

[இரவு 7:21] பெரியம்மா: அப்பாவின்ர படம் இவ்வளவு நாளும் உறைக்குள்ளதான் கிடந்தது ராசா.

[இரவு 7:34] சின்ன மாமா: கிட்டப் பாத்தன். மூண்டாவது மூலையில வெட்டேக்க கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறாய், ஓரம் பிசிறு. பலகைக்கு அடியில வீண்பலகை ஒண்டு வைச்சு வெட்டு, பிசிறாது. நாளைக்குக் காலமை வாறன், முதிரையை ரெண்டு பேருமாத் தூக்குவம். பிளக்கைக் கழட்டினியோ?

[இரவு 7:35] நான்: கழட்டீட்டன் மாமா.