காரில் சொன்ன முயல் கதையை நாவலாக்கிய அரசு ஊழியர்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

கேட்டவர்: மனைப்பிரிவுக்காரன்

வணக்கம். நான் எழுத்தாளன் இல்லை. நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் வேலை. மனைப்பிரிவு வரைபடம் வந்தால் சாலை அகலம் சரியா, பூங்காவுக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்த்துக் கோப்பை மேலே அனுப்புவேன். வயது 44.

இரண்டு பெண் பிள்ளைகள், ஒருத்திக்கு 9, இன்னொருத்திக்கு 6. காலையில் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும்போது வழியில் ஒரு ரயில்வே கேட். மூடிவிட்டால் கால் மணி நேரம் நிற்க வேண்டியதுதான். சின்னவள் சிணுங்காமல் இருக்க ஒரு கீரிப்பிள்ளைக் கதையை எடுத்துவிட்டேன். போன ஜூனில் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. கீரிப்பிள்ளைக்கு இப்போது மூன்று எதிரிகள், ஒரு மாமியார். இரண்டாவது எதிரி யார் என்பது எனக்கே மறந்துவிட்டது, பெரியவள்தான் எடுத்துக் கொடுக்கிறாள். “மறந்து மறந்து மாத்திச் சொல்றீங்கப்பா, எழுதி வைங்க” என்று ஒரே பிடிவாதம்.

இதை அலுவலகத்தில் சொன்னபோது மூத்தவர் ஒருவர், “இங்கிலாந்தில் உன்னை மாதிரியே ஒரு கவர்மென்ட் ஆள், மகள்களுக்குக் காரில் சொன்ன முயல் கதையை எழுதி உலகப் புகழ் வாங்கிட்டார்” என்றார். பெயர் ரிச்சர்ட் ஆடம்ஸாம், நாவல் ‘வாட்டர்ஷிப் டவுன்’. உண்மையா? வேலையை விட்டுவிட்டா எழுதினார்? முயலைப் பற்றி நானூறு பக்கம் எழுத ஒரு ஆபீஸ்காரருக்கு எப்படித் தெரிந்தது? என் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாமா?

பதில்: ஓய்வுபெற்ற நூலகர்

தம்பி, உங்கள் ஆபீஸ் பெரியவர் சொன்னது உண்மை. நான் முப்பது வருடம் நூலகத்தில் இருந்தவள். இந்த நாவலை ‘சிறுவர்’ அலமாரியில் வைப்பதா ‘நாவல்’ அலமாரியில் வைப்பதா என்று நாலு முறை இடம் மாற்றியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தலைப்பு. டவுன் என்றதும் நமக்கு டவுன் பஸ் ஞாபகம் வரும். அது வேறு. தென் இங்கிலாந்தில் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளின் மேலே மரமில்லாமல் கிடக்கும் புல்வெளியை ‘டவுன்’ என்பார்கள். வாட்டர்ஷிப் டவுன் ஹாம்ப்ஷரில் இன்றும் இருக்கிற ஒரு குன்று. ஆடம்ஸ் 1920-இல் பிறந்தது அங்கிருந்து சில மைல் தள்ளி, நியூபரி ஊர்ப்பக்கம். அப்பா டாக்டர். ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்துவிட்டது. ராணுவத்துக்குப் போய் வந்து, விட்ட படிப்பை முடித்து, 1948-இல் அரசு வேலையில் சேர்ந்தார்.

கதை பிறந்தது 1960-களில். மனைவியோடும் ஜூலியட், ராசமண்ட் என்ற இரண்டு மகள்களோடும் ஷேக்ஸ்பியர் நாடகம் பார்க்க ஸ்ட்ராட்ஃபோர்டுக்குக் காரில் போகிறார். தூரப் பயணம், பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை, இதுவரை கேட்காத கதையாகச் சொல்லு என்கிறார்கள். ஹேசல், ஃபைவர் என்று இரண்டு முயல்கள் இருந்தன என்று வாய்க்கு வந்ததைச் சொல்லத் தொடங்கினார். அன்றைக்கு முடியவில்லை. பிறகு தினமும் காலையில் மகள்களைப் பள்ளியில் கொண்டுபோய் விடும்போது தொடர்ந்தது. உங்கள் கதைதான், ரயில்வே கேட் மட்டும் இல்லை. எழுதச் சொல்லி நச்சரித்ததும் மகள்கள்தான்.

1966-இல் எழுத உட்கார்ந்தபோது அவருக்கு 46 வயது. பகலில் ஆபீஸ், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு முயல். ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. அப்புறம்தான் கஷ்டம். ஏழு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். பெரிய பிள்ளைகள் முயல் கதை படிக்க மாட்டார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு இந்த நடை புரியாது என்று எல்லோரும் ஒரே காரணம் சொன்னார்களாம். (நான் அலமாரி மாற்றிய அதே குழப்பம்.) கடைசியில் ரெக்ஸ் காலிங்ஸ் என்ற சின்னப் பதிப்பாளர் எடுத்துக்கொண்டார். முன்பணம் கொடுக்க வசதியில்லை. 1972-இல் முதல் அச்சு 2,500 பிரதி. சிறுவர் நூல்களுக்குக் கொடுக்கும் இரண்டு பரிசுகள், அந்த ஆண்டுக்கான கார்னகி பதக்கமும் அடுத்த ஆண்டு கார்டியன் பரிசும், வந்தன. பிறகு விற்றது கோடிக்கணக்கில். ஆனாலும் மனிதர் உடனே ராஜினாமா எழுதவில்லை. இரண்டாவது நாவல் ‘ஷார்டிக்’ வந்த 1974-இல்தான் வேலையை விட்டார். அது ஒரு பிரம்மாண்டமான கரடியைத் தெய்வமென்று நம்பும் மக்களின் கதை. எனக்கு அதில் பாதிக்கு மேல் ஓடவில்லை.

முயலைப் பற்றி எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். ஊர்க்காரர், சிறுவயதிலிருந்து பார்த்தவர், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ரொனால்ட் லாக்லி என்ற வேல்ஸ் நாட்டு இயற்கை ஆராய்ச்சியாளர். காட்டு முயல்களை வருடக்கணக்கில் உட்கார்ந்து கவனித்து 1964-இல் ஒரு நூல் எழுதினார். ஆடம்ஸ் அதை வரிவரியாகப் படித்திருக்கிறார். அதனால்தான் இவருடைய முயல்கள் கோட்டு போடுவதில்லை, டீ குடிப்பதில்லை. புல் மேய்கின்றன, புழுக்கை போடுகின்றன, பருந்து நிழல் விழுந்தால் ஓடுகின்றன. நாலுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஐந்தானாலும் ஆயிரமானாலும் அவற்றின் மொழியில் ஒரே சொல், ‘ஹ்ரேர்’. பயத்தில் அசைய முடியாமல் உறைந்து நிற்பதற்கு ‘தார்ன்’.

குணங்களை மட்டும் மனிதர்களிடமிருந்து எடுத்தார். போர்க்காலத்தில் அவர் இருந்த படைப்பிரிவின் மேஜர் ஜான் கிஃபோர்ட் அதட்டிப் பேசாத தலைவர்; அவர்தான் ஹேசல். முன்னால் பாய்கிற கேப்டன் பேடி கவனா, பிக்விக் என்ற முரட்டு முயலானார். ஆடம்ஸ் தான் நேரடியாகச் சண்டையில் இறங்கியதில்லை. கூட இருந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்த ஆள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நாவலில் எனக்குப் பிடித்த இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊரைவிட்டு ஓடிவரும் முயல்கள் வழியில் ஒரு பணக்கார வளைக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே எல்லா முயலும் கொழுகொழுவென்று இருக்கும். பக்கத்துப் பண்ணைக்காரன் தினமும் கேரட் போட்டுவிட்டுப் போகிறான், நரியைச் சுட்டு விரட்டுகிறான். அவை கவிதை சொல்கின்றன, சுவரில் கல் பதித்து ஓவியம் செய்கின்றன. ஆனால் “இன்னார் எங்கே?” என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. ஏனென்றால் அங்கங்கே கம்பிக் கண்ணி இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் அன்று மதியம் நூலகத்தைப் பத்து நிமிடம் தாமதமாகத் திறந்தேன்.

குறையும் உண்டு. பெண் முயல்கள் பாதி நாவல் வரை பேர் சொல்லும்படி வருவதே இல்லை. வளை தோண்டுவது பெரும்பாலும் பெண் முயல்தான் என்று லாக்லியைப் படித்துத் தெரிந்துகொண்ட மனிதர், அவற்றுக்குப் பேச வாய் கொடுக்க இவ்வளவு யோசித்திருக்க வேண்டாம்.

பதில்: முயல்பண்ணை ராசு

அண்ணே, அம்மா நல்லா எழுதியிருக்காங்க. ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். நான் கால்நடைத் துறையில் இருக்கிறேன், வீட்டில் நாற்பது முயல் வளர்க்கிறேன்.

நம்ம காட்டில் ஓடுகிற முயலும் இந்த நாவலில் வருகிற முயலும் வேறு வேறு ஜாதி. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் குழப்பம். நம்ம காட்டு முயல் வளை தோண்டாது, புதரடியில் பள்ளம் பறித்துப் படுக்கும். குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, மயிரோடு இருக்கும். ஆடம்ஸ் எழுதியது கூட்டமாக வளையில் வாழும் முயல். அதுதான் நம்ம பண்ணை முயலுக்கும் மூதாதை. அதன் குட்டி கண் மூடி, மயிரில்லாமல், சுண்டுவிரல் மாதிரி கிடக்கும். தாய் தன் வயிற்று மயிரைப் பிடுங்கி மெத்தை போடும். பால் கொடுப்பது நாளைக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ, அதுவும் சில நிமிடம்தான்.

நாவலில், இட நெருக்கடி வந்தால் வயிற்றுக் குட்டி உள்ளேயே கரைந்துபோகும் என்று வருகிறது. கற்பனை இல்லை, முயலுக்கு அப்படி நடக்கும். அந்த ‘தார்ன்’ விஷயமும் அப்படித்தான். தீபாவளி அன்று பக்கத்தில் வெடி போட்டால் என் கூண்டில் சிலது கல்லாக உட்கார்ந்துவிடும், தொட்டாலும் நகராது. அதற்கு ஒரு சொல் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

பதில்: இரண்டாம் வகுப்பு அம்மா

படித்துக் காட்டலாம். ஆனால் படத்தைப் போட்டுவிடாதீர்கள்! 1978-இல் வந்த கார்ட்டூன் படம். முயல் படம்தானே என்று நம்பி என் மகனை உட்கார வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். திரும்பி வந்தால் திரை முழுக்க ரத்தம், பையன் சோபாவுக்குப் பின்னால். பிரிட்டனில் அதற்கு எல்லோரும் பார்க்கலாம் என்று பல வருடம் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள், 2022-இல்தான் மாற்றினார்கள்.

நாவல் என்றால் நீங்களே படிப்பதால் வேகத்தை அடக்கலாம். வளையை மூடி விஷப்புகை விடும் இடத்தை நான் ரெண்டே வரியில் தாண்டிவிட்டேன். ஆறு வயதுக்கு இப்போது வேண்டாம், ஒன்பதுக்குச் சரி. அவருடைய இன்னொரு நாவல், ‘தி பிளேக் டாக்ஸ்’, 1977. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து தப்பும் இரண்டு நாய்கள். அதைப் பிள்ளைகளுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள், நீங்கள் தனியாகப் படியுங்கள். அதற்குப் பிறகு விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்குக்கூடக் கொஞ்ச காலம் தலைவராக இருந்தார்.

கேட்டவர்: மனைப்பிரிவுக்காரன்

அம்மா, ராசு, சகோதரி, மூன்று பேருக்கும் நன்றி. போன வாரம் நாவல் கைக்கு வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் போகிறேன், ஆனால் முதல் அத்தியாயத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் மேய வந்த முயல்கள் வயலோரம் புதிதாக ஒரு பலகை நட்டிருப்பதைப் பார்க்கின்றன. படிக்கத் தெரியாது. ஃபைவருக்கு மட்டும் உடம்பு நடுங்குகிறது. பலகையில் என்ன இருக்கிறது என்று நமக்கு மட்டும் ஆசிரியர் காட்டுகிறார்: ஆறு ஏக்கர், அருமையான மனை நிலம், நவீன வீடுகள் வரப்போகின்றன. நான் வாரம் பத்துப் பலகை பார்க்கிறவன்! ஆடம்ஸ் எந்தத் துறை என்று தேடினேன். வீட்டுவசதி, உள்ளாட்சி அமைச்சகம். அம்மா, இதை ஏன் நீங்கள் சொல்லாமல் விட்டீர்கள்?

நம் விதிப்படி கணக்குப் போட்டும் பார்த்தேன். ஆறு ஏக்கரில் சாலை போக மீதியில் பத்து சதவீதம் பொது இடம். நாற்பத்தைந்து சென்ட் வரும். வேலியோரமாக ஒதுக்கியிருந்தால் அந்த வளை தப்பித்திருக்கும், கதையும் நடந்திருக்காது.

பதில்: ஓய்வுபெற்ற நூலகர்

எனக்குத் தோன்றவில்லை தம்பி, அதற்கு உங்கள் கண் வேண்டும். கதையில் அந்தப் பலகை நட்ட இடம், முயல்கள் விட்டு ஓடும் சொந்த ஊர், பெயர் சாண்டில்ஃபோர்ட்; அது உண்மையான இடம். நாவல் வந்து ஐம்பது வருடம் கழித்து, 2022-இல், அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்ட அனுமதி கொடுத்துவிட்டார்கள். கீரிப்பிள்ளை என்ன ஆச்சு?

கேட்டவர்: மனைப்பிரிவுக்காரன்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறேன். பெரியவள் முதல் பக்கத்தில் எதிரிகள் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டாள், இரண்டாவது எதிரி ஒரு ஆந்தையாம்.

இன்று காலை கேட்டில் நிற்கும்போது சின்னவளுக்கு முயல், பலகை வரைக்கும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்தப் போர்டுக்கு யாருப்பா கையெழுத்துப் போட்டது, உங்க ஆபீஸா?” என்றாள். அது இங்கிலாந்து என்றேன். “அங்கேயும் உங்க ஆபீஸ் இருக்கா?” என்றாள். அதற்குள் கேட் திறந்துவிட்டது.