புரொசசர் வாங்கும்போது நாளைய அப்கிரேடுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டுமா?

கொட்டாஞ்சேனை_கமரா
வணக்கம். கல்யாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுப்பது என் தொழில். இப்போது இருப்பது ஐ5-7400, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1060. பிரச்சினை இரண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. என் புரொசசர் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. அடுத்தது, புதுக் கமரா எச்.265 சுருக்க முறையில் 4:2:2 10 பிட்டாக, அதாவது நிறத் தகவல் கூடுதலாகப் பதிகிறது. அந்தக் கிளிப்பை எடிட் செய்யும் பிரீமியர் மென்பொருளின் டைம்லைனில் போட்டால் விட்டு விட்டுத்தான் ஓடுகிறது.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விசாரித்தேன். ஒரு கடைக்காரர் இன்டெல் ஐ5-12400ம் டிடிஆர்4 ரேம் போடும் மதர்போர்டும் போதும் என்றார். பக்கத்துக் கடையில், "அது செத்த சொக்கெட் (போர்டில் புரொசசர் பூட்டும் இடம்), இனிப் புது புரொசசர் அதற்கு வராது. ஏஎம்டியின் ஏஎம்5 சொக்கெட் எடுங்கள், நாலு வருஷம் கழித்து புரொசசரை மட்டும் மாற்றலாம்" என்றார்கள். கையில் இரண்டரை இலட்சம் ரூபா இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டை இப்போதைக்கு மாற்றும் எண்ணம் இல்லை. யார் சொல்வதைக் கேட்பது?

நீலத்திரை
ஏஎம்5தான். உங்கள் 7400ஐயே பாருங்கள். அது சேர்ந்த இன்டெல் 7ஆம் தலைமுறை 2017 ஜனவரியில் கடைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 8ஆம் தலைமுறை வந்தது. சொக்கெட் அதே 1151, ஆனால் 300 வரிசை போர்ட் இல்லாமல் ஓடாது. உங்கள் போர்டின் உச்சம் 7700கே. அதற்கும் கோர், அதாவது உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதி, நாலுதான்.

அதே 2017இல் ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கெட் பி350 போர்டும் ரைசன் 1600ம் வாங்கியவருக்கு என்ன நடந்தது? 2022இல் பல பி350 போர்டுகளுக்குப் புது பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) வந்தது. அதைப் போட்டுவிட்டு 5800எக்ஸ்3டி வரை ஏறிக்கொண்டார்கள். அதே போர்ட், அதே ரேம்.

ஏஎம்5 2022 செப்டெம்பரில் வந்தது. 7000, 8000ஜி, 9000 என்று வரிசைகள் வந்தாயிற்று. 2027க்கு அப்பாலும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி 2024இல் அறிவித்திருக்கிறது. ரைசன் 5 7600ஐ ஒரு நல்ல பி650 போர்டில் போடுங்கள்.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022 மார்ச்சில் 200 சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 வரை போனது. அந்த நேரத்தில் போர்ட், ரேம், புரொசசர் மூன்றும் வாங்க வேண்டியவரும் புரொசசர் ஒன்றை மட்டும் வாங்க வேண்டியவரும் ஒரே நிலையில் இருக்கவில்லை.

முதலாம்_குறுக்கு
தம்பி, நான் புறக்கோட்டையில் கொம்பியூட்டர் ரிப்பேர் பார்ப்பவன். நாளைக்கு மாற்றலாம் என்று சொல்லி போர்ட் வாங்கிய ஆட்களை நிறையக் கண்டிருக்கிறேன். அதே போர்டில் வேறு புரொசசர் போட வந்தவர்கள் மிகக் குறைவு. ரேம் கூட்ட வருவார்கள், எஸ்எஸ்டி போட வருவார்கள், பவர் சப்ளை போய் வருவார்கள். புரொசசர் போதவில்லை என்று ஒருவர் உணரும் நேரத்தில் போர்டும் பழசாகியிருக்கும், முழுசாகவே மாற்றிவிடுவார்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். விட்டு விட்டு ஓடுவதற்குக் காரணம் கோர் எண்ணிக்கை மட்டும் இல்லை. 4:2:2 10 பிட் எச்.265ஐ ஹார்ட்வெயாரில் பிரித்துக் கொடுக்க 7400க்கும் தெரியாது, ஜிடிஎக்ஸ் 1060க்கும் தெரியாது. முழுப் பாரமும் அந்த நாலு கோர் மேல் விழுகிறது. இன்டெல் 11ஆம் தலைமுறையில் இருந்து புரொசசருக்கு உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் அந்த வேலையைச் செய்யும். 12400இல் இருக்கிறது. 12400எஃப்இல் இல்லை, அதனால் எஃப் வாங்கவே வேண்டாம். ரைசன் 7600க்குள் ஒரு சின்னக் கிராபிக்ஸ் உண்டு, ஆனால் 4:2:2 அதற்குக் கைவராது. நீலத்திரை சொல்வதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால் கிளிப்பைப் பிரிக்கும் வேலை மறுபடி கோர் மேல்தான் விழும். 7400ஐ விட எவ்வளவோ நன்றாக ஓடும், ஆனால் 12400 அளவுக்கு இலகுவாக ஓடாது.

ரேமையும் யோசியுங்கள். 2025 கடைசியில் இருந்து ரேம் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். செயற்கை நுண்ணறிவுக்காரர்களின் டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. ஏஎம்5இல் டிடிஆர்5 மட்டும்தான் போடலாம். உங்கள் 16 ஜிபி டிடிஆர்4 அங்கே ஒன்றுக்கும் உதவாது. 12400க்கான, டிடிஆர்4 போடும் பி760 போர்டில் அதை அப்படியே குத்திக்கொள்ளலாம்.

நீலத்திரை
அண்ணா, 4:2:2 விஷயம் சரி. ஆனால் அதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. என்விடியா ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டுகள் 4:2:2ஐப் பிரிக்கும். எப்படியும் அந்த 1060ஐ ஒரு நாள் மாற்றத்தான் போகிறார். அன்றைக்கு அவரிடம் இருப்பது ஏஎம்5 என்றால் எல்லாம் பொருந்தி வரும்.

ரேம் பற்றி ஒன்று. அவரிடம் இருப்பது பெரும்பாலும் 2400 வேக ரேம், ஏனென்றால் 7400 ஏற்றுக்கொள்வது அவ்வளவுதான். 12400ஐ அதோடு கட்டி ஓட்டினால் அதன் முழு வேகம் வராது.

முதலாம்_குறுக்கு
"ஒரு நாள் மாற்றத்தான் போகிறார்." அந்த ஒரு நாளுக்காகத்தானே இன்றைக்கே காசு கேட்கிறீர்கள். கார்ட் மாற்ற மாட்டேன் என்று தம்பி முதலிலேயே எழுதிவிட்டார். ஆவணியில் கல்யாண ஓடர் வந்து குவியும்போது அவருக்கு ஓடுகிற டைம்லைன்தான் வேண்டும்.

2400 ரேம் வேகம் குறைவுதான், மறுக்கவில்லை. விலை இறங்கும்போது 3200 போடட்டும். அதுவும் அப்கிரேட்தானே.

கடலோரம்
இரண்டு பேரும் ஏஎம்4ஐ மறந்துவிட்டீர்கள். பி550 போர்ட், 5700எக்ஸ், பழைய ரேம். எட்டுக் கோர், விலையும் கட்டுப்படியாகும்.

முதலாம்_குறுக்கு
விளையாட மட்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் 5700எக்ஸில் உள் கிராபிக்ஸே இல்லை. தம்பியின் கமரா கிளிப்புக்கு அது உதவாது.

வத்தளை_வாசகி
நான் கணக்காளர், கொம்பியூட்டர் நிபுணர் இல்லை. வெளியில் இருந்து பார்க்கும்போது தெரிவதைச் சொல்கிறேன். ஏஎம்5க்குப் போனால் போர்டிலும் ரேமிலும் இன்று கூடுதலாக ஒரு தொகை போகிறது. அது நாளைய புரொசசருக்கான முற்பணம் மாதிரி. அந்த நாளைய புரொசசரைத் தம்பி உண்மையிலேயே வாங்கினால்தான் முற்பணம் திரும்பி வரும். வாங்காமல் விட்டால் வெறும் செலவு. ஆகவே "இந்த சொக்கெட் எத்தனை வருஷம் வரும்" என்பதற்கு முன் "நான் ஒரு புரொசசரை எத்தனை வருஷம் வைத்திருப்பேன்" என்று கேட்க வேண்டும். 7400ஐ எப்போது வாங்கினீர்கள் தம்பி?

கொட்டாஞ்சேனை_கமரா
2018இல், அக்கா. அதற்குப் பிறகு எஸ்எஸ்டி ஒன்று போட்டேன், ரேமை எட்டில் இருந்து பதினாறாக்கினேன். வேறு எதுவும் மாற்றவில்லை.

வத்தளை_வாசகி
அப்படியென்றால் உங்கள் பழக்கம் நீண்ட காலம் வைத்திருப்பது. 2022இல் வந்த ஏஎம்5 போர்டை நீங்கள் இன்று வாங்கி அதே அளவு காலம் வைத்திருந்தால், மாற்ற நினைக்கும்போது 2030ஐத் தாண்டிவிடும். 2027க்கு அப்பாலும் என்று மட்டும் கொடுத்த உறுதிமொழி அப்போது எங்கே இருக்கும்?

நீலத்திரை
அக்கா, அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர் 7400ஐ மாற்றாமல் இருந்தது பழக்கத்தால் இல்லை, மாற்ற வழியில்லாததால். 7700க்குப் போயிருந்தாலும் நாலு கோர்தான் கிடைத்திருக்கும். வழி இருந்திருந்தால் 2021இல் ஆறு கோர், எட்டுக் கோர் என்று ஏறியிருப்பார். கதவைப் பூட்டி வைத்துவிட்டு, ஆள் வெளியே போகவில்லை, எனவே வீட்டில் இருப்பதுதான் அவருக்கு விருப்பம் என்று சொல்கிறீர்கள்.

புது புரொசசர் வெளிவருவது நின்றாலும் பாவித்த புரொசசர் சந்தைக்கு வருவது நிற்காது. ஏஎம்4இல் இன்றைக்கும் 5800எக்ஸ், 5900எக்ஸ் கைமாறுகின்றன. 2030இல் 9800எக்ஸ்3டிகளும் அப்படிக் கைமாறும்.

முதலாம்_குறுக்கு
பாவித்ததுதான் வழி என்றால் 12400 பூட்டும் 1700 சொக்கெட்டுக்கும் அது உண்டே. 12400இல் இருந்து 12700க்குப் போகலாம். பன்னிரண்டு கோர், இருபது த்ரெட், அதே போர்ட், அதே டிடிஆர்4. செத்த சொக்கெட் என்று கடைக்காரர் சொன்னாலும் மேலே இன்னும் படி இருக்கிறது.

நீலத்திரை
1700இல் பாவித்தது வாங்குவதில் இருக்கும் ஆபத்தையும் சொல்லுங்கள். 13ஆம், 14ஆம் தலைமுறை உயர் ரக புரொசசர்களில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் போய்க் கோர்களே கெட்டுப்போன பிரச்சினை வந்தது. 2024 ஓகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் (புரொசசரின் உள் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டது. ஏற்கெனவே கெட்ட சிப்பை அந்தத் திருத்தம் குணமாக்காது. உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டினார்கள், ஆனால் இக்மன் விளம்பரத் தளத்தில் பில் இல்லாமல் வாங்குகிறவர் அதை யாரிடம் போய்க் கேட்பார்?

முதலாம்_குறுக்கு
அது நியாயமான பயம். அதனால்தான் 12700 என்றேன், 13700கே என்று சொல்லவில்லை. 12ஆம் தலைமுறைக்கு அந்த நோய் இல்லை.

உறுதிமொழியை முழுசாக நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. 2019இல் வந்த, ஏஎம்டியின் உயர் ரக திரெட்ரிப்பர் புரொசசருக்கான டிஆர்எக்ஸ்40 போர்டுகளுக்கு 3000 வரிசை மட்டும்தான் வந்தது, அடுத்ததற்கு சொக்கெட் மாறிவிட்டது. 2020 மே மாதத்தில் ஏஎம்4 பி450 போர்டுக்கு ரைசன் 5000 வராது என்று ஏஎம்டி சொன்னது. பாவனையாளர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் அதே மாதம் முடிவை மாற்றினார்கள். இறுதியில் நல்லதாக முடிந்தது. ஆனால் அந்தச் சில நாள் பி450 வைத்திருந்தவர்கள் பட்ட தவிப்பை நான் நேரில் பார்த்தேன்.

நீலத்திரை
மாற்றினார்கள் அல்லவா? இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு மாற்றவில்லையே. 10ஆம், 11ஆம் தலைமுறைக்கு 1200 சொக்கெட், அப்புறம் 1700, இப்போது 1851. கொழும்பில் இருந்துகொண்டு ஒவ்வொரு தடவையும் புது போர்ட் வாங்குவது சும்மா காரியம் இல்லை.

போர்ட் செத்தால் என்ன செய்வது என்பதையும் நீங்களே சொல்லுங்கள் அண்ணா. 7400க்கான பி250 போர்ட் புதிதாக எங்கே கிடைக்கும்?

முதலாம்_குறுக்கு
அது உண்மையான கேள்வி. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலுக்கு நேரே இருக்கிற வீடுகளில் இருந்து வருகிற போர்டுகளைக் கழற்றிப் பார்த்தால் பின்பக்க யூஎஸ்பி வாயில்களில் துரு, திருகாணிகளைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். பழைய சொக்கெட் போர்டுக்கு மாற்று தேடினால், கிடைப்பது பாவித்தது அல்லது கழற்றிய சிப்செட்டை வைத்துச் சீனாவில் செய்து வருகிறது. நீண்ட நாள் ஓடுகிற சொக்கெட்டுக்குப் புது போர்ட் நீண்ட நாள் கிடைக்கும். இதில் ஏஎம்டி பக்கம் பலம் இருப்பதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

கொட்டாஞ்சேனை_கமரா
எல்லோருக்கும் நன்றி. 12400, பி760, டிடிஆர்4 என்று மனம் போகிறது. எச்610 போர்ட் மலிவாக இருக்கிறதே, அதை எடுத்தால் குறையா?

முதலாம்_குறுக்கு
எடுக்காதீர்கள். எச்610இல் ரேம் போட இரண்டே இடம். இப்போது இரண்டு எட்டு ஜிபி துண்டுகள் வைத்திருந்தால் நாளைக்குக் கூட்ட முடியாது, கழற்றி எறிய வேண்டும். மலிவான எச்610களில் புரொசசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியின் மேல் வெப்பத் தகடும் இருக்காது. 12700 உச்சத்தில் 180 வாட் வரை இழுக்கும். ஏசி இல்லாத அறையில் மத்தியானம் ஒரு மணிக்கு ரெண்டர் போட்டால் அந்தப் பகுதி கொதித்து, புரொசசர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாலு ரேம் இடமும் தகடும் உள்ள பி760 எடுங்கள்.

பாவித்த போர்ட் என்றால் காசு கொடுக்க முன் சொக்கெட் மூடியைத் திறந்து, போனின் டோர்ச்சைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். பின்கள் எல்லாம் ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் ஒளி வேறு மாதிரித் தெரிந்தால் அங்கே பின் வளைந்திருக்கிறது.

பூட்டியதும் பயாஸுக்குள் போய், கார்டோடு சேர்த்து உள் கிராபிக்ஸையும் ஓடவிடுங்கள். பல போர்டுகளில் கார்ட் போட்டவுடன் அது தானாக அணைந்துவிடும். அதைத் திறக்காவிட்டால் 4:2:2 கிளிப் பழையபடி சிக்கும். பயாஸ் அப்டேட் செய்கிறீர்கள் என்றால் யூபிஎஸ் இல்லாமல் செய்ய வேண்டாம். பாதியில் மின்சாரம் போய்த் திரும்பி வராத போர்டுகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

நீலத்திரை
என் கருத்து மாறவில்லை. விளையாட்டுக்கோ படிப்புக்கோ வாங்குகிறவர் கேட்டால் இன்றைக்கும் ஏஎம்5 என்றுதான் சொல்வேன். உங்கள் கமராவும் கையில் இருக்கிற ரேமும் 12400 பக்கம் இழுப்பது விளங்குகிறது. அப்படியென்றால் ஒன்று செய்யுங்கள். மீதிக் காசில் ரேமைத் தொட வேண்டாம், விலை இறங்கட்டும். முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள். 2018இல் போட்டதே இன்னும் ஓடுகிறது என்றால், புது போர்டை அதில் மாட்ட வேண்டாம்.

கொட்டாஞ்சேனை_கமரா
அதேதான் ஓடுகிறது அண்ணா. பெட்டியோடு வந்த 450 வாட். சனிக்கிழமை போகும்போது அதையும் பட்டியலில் சேர்க்கிறேன்.