ஸ்லீப் ஆப்னியாவுக்குத் தமிழில்: மூச்சுத்திணறல் வேண்டாமே

ஸ்லீப் ஆப்னியா என்பது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு. கட்டுரைக்கும் அகராதிக்கும் அதற்கொரு தமிழ்ப் பெயர் தேடுகிறோம்; வந்த யோசனைகளும் என் பதில்களும் கீழே.

> பத்திரிகைகளில் "தூக்கத்தில் மூச்சுத்திணறல்" என்று புழங்குகிறது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

புழங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் திணறல் என்பது ஆளுக்குத் தெரிகிற சங்கதி. ஆஸ்துமாக்காரரும் மாடி ஏறி இளைப்பவரும் திணறுவதை உணர்கிறார்கள், அது டிஸ்ப்னியா, அந்தச் சொல்லை அங்கே கொடுத்தாகிவிட்டது. ஆப்னியாவில் மூச்சு நின்றே போகிறது, அதுவும் பெரும்பாலும் தூங்குகிறவருக்குத் தெரியாமலே. "ராத்திரி மூச்சுத் திணறுதா?" என்று டாக்டர் கேட்டால் "இல்லையே, படுத்ததும் தூங்கிடுவேன்" என்று மனதாரச் சொல்வார். பக்கத்தில் படுப்பவரைக் கேட்டால் கதை வேறு. குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அடங்கும், அப்பாடா என்று நினைக்கும்போது நெஞ்சும் வயிறும் மட்டும் எக்கி எக்கி இழுக்கும், மூக்கருகில் கை வைத்தால் காற்று இருக்காது, பத்து நொடி, இருபது நொடி, சில நேரம் அதற்கும் மேலே, அப்புறம் ஓர் உறுமலோடு மூச்சு பிய்த்துக்கொண்டு வரும், புரண்டு படுத்து மறுபடி குறட்டை. காலையில் அவருக்கு மிஞ்சுவது தலைவலியும் வறண்ட வாயும். இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீருக்கு எழுவதைச் சர்க்கரை என்று நினைத்துக்கொள்வார், பகலில் பேருந்தில் உட்கார்ந்ததும் தலை தொங்கிவிடும். மூன்று வகை மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவர்களிடமும் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

எனவே பெயர், பக்கத்தில் இருப்பவர் பார்ப்பதைச் சொல்லட்டும்.

> மூச்சுத்தடை?

ஒரு வகைக்குத்தான் பொருந்தும். தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து வழி அடைபடுவதுதான் பெரும்பான்மை. மூளை மூச்சுத் தசைகளுக்குக் கட்டளை அனுப்பாமல் விட்டுவிடுவது இன்னொன்று, இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடமும் அபின்வகை வலிமருந்து எடுப்பவர்களிடமும் வருவது. அங்கே தடையே கிடையாது, நெஞ்சும் அசையாது. அதை என்னவென்போம், தடையில்லாத மூச்சுத்தடை என்றா?

> யோகத்தில் கும்பகம் இருக்கிறதே

கும்பகம் முயன்று நிறுத்துவது. யோகியையும் குறட்டைக்காரரையும் ஒரே சொல்லில் படுக்கவைக்க வேண்டாம்.

என் பரிந்துரை: உறக்க மூச்சிடைநிற்றல். வெறுமனே "மூச்சு நின்றது" என்றால் ஆள் போய்விட்டார் என்றாகும், அதனால்தான் "இடை". பள்ளி இடைநிற்றல் நினைவுக்கு வரும், வரட்டும். வகைகளுக்கு அடைப்புவகை, மூளைவகை. மூச்சு நிற்காமல் மிகவும் குறைந்துபோகிற ஹைப்போப்னியாவுக்கு மூச்சுக்குறைதல். இரண்டும் சேர்ந்து மணிக்கு எத்தனை என்பது நிற்றல்-குறைதல் எண்: பெரியவர்களுக்கு 10 நொடியாவது நீடித்தால்தான் கணக்கு, 5 முதல் 15 வரை லேசானது, 30 ஆகிவிட்டால் கடுமையானது.

----

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து.

எங்கட பக்கம் நித்திரை என்றுதான் பேசுவோம், உறக்கமும் விளங்கும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் மூச்சிடைநிற்றல் என்று ஒரு அம்மாவிடம் சொன்னால் அவர் என் முகத்தைத்தான் பார்ப்பார். "நித்திரையில் மூச்சு நிண்டு நிண்டு வருதோ?" என்று கேட்டால் உடனே பதில் வரும்.

அதோடு நீங்கள் எழுதியது முழுக்க ஐம்பது வயது ஆண். பெண்கள் பலர் குறட்டையைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள், களைப்பு, நித்திரை வருதில்லை என்றுதான் வருவார்கள். டான்சில் பெருத்த பிள்ளைகள் தூங்கி வழிவதும் குறைவு. துருதுருவென்று இருப்பார்கள், வகுப்பில் கவனம் இராது, சிலர் படுக்கையை நனைப்பார்கள், வாயைத் திறந்தபடி படுப்பார்கள். விளக்கக் குறிப்பில் இவையும் வரவேணும்.

----

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். கட்டுரைத் தலைப்பும் அகராதியும் மூச்சிடைநிற்றல் என்றே இருக்கட்டும், முதல் வரியிலும் துண்டறிக்கையிலும் "தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல்" என்று போட்டுவிடுவோம். பெண்கள், பிள்ளைகள் பத்தியை நீங்களே எழுதித் தாருங்கள்.

அடுத்து இதற்கான சிகிச்சைக் கருவி சிபாப் (CPAP). முகமூடி வழியே காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கிற கருவி, சிட்னியில் காலின் சல்லிவன் குழு 1981இல் வெளியிட்டது. "தொடர் காற்றழுத்தக் கருவி" எனலாமா? டயருக்குக் காற்றடிப்பது போல இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.