வீட்டு வரியில் பெயர் மாற்ற கவுன்சிலரைப் பார்க்கணுமா?

பழையபேட்டைக்காரன்: கிருஷ்ணகிரியில் பழைய வீடு ஒன்று வாங்கி கிரயம் முடிந்துவிட்டது, ஆனால் வரி ரசீது இன்னும் விற்றவர் பெயரிலேயே வருகிறது. மாமனார் கவுன்சிலரைப் போய்ப் பாருங்கள் மாப்பிள்ளை என்கிறார், அப்படியா?

சேலம் ரோடு: தேவையே இல்லைங்க. பெயர் மாற்றம் நகராட்சி அலுவலக வேலை, நகர்மன்றத் தீர்மானத்துக்குப் போகிற விஷயமில்லை. கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, கடைசியாகக் கட்டிய ரசீது இருந்தால் மனு கொடுங்கள், ஆனால் பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டச் சொல்வார்கள், அதனால் விற்றவரிடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

ராயக்கோட்டை மேடு: குடிநீர் இணைப்புக்குத் தனியாக எழுதிக் கொடுங்கள், எல்லாரும் மறக்கிறது இதைத்தான். பட்டாவும் வேறு, அது தாலுகா ஆபீஸ்.

சேலம் ரோடு: அப்புறம் இன்னொன்று, வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. பழைய பெயரில் இருந்தாலும் கட்டிவிடுங்கள்.

பழையபேட்டைக்காரன்: சரிங்க, மாமனாரிடம் நீங்களே சொல்லிவிடுங்களேன்!