பதில்: டேக்டவுன் வில் - கழற்றுவில்லா, மூட்டுவில்லா?

குழுவில எல்லாருக்கும் வணக்கம்.

துண்டு துண்டா கழட்டி எடுத்துட்டுப் போற டேக்டவுன் வில்லுக்கு தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு பேசற இந்த இழையை ரெண்டு வாரமா படிச்சிட்டு மட்டும் இருந்தேன். நடுவுல நாலு நாள் இங்க தென்னாப்பிரிக்காவுல லிம்போபோ பக்கம் வேட்டைக்கு வேற போயிட்டேன், அதுவும் இந்த வில்லை எடுத்துக்கிட்டுதான், அதனால இப்போ சொல்றதுல பாதி அங்க தண்ணிக்குழி பக்கத்துல கை விறைச்சு உக்காந்திருந்தப்போ யோசிச்சது. நீளமா போகும், பொறுத்துக்குங்க.

> "மடிப்புவில்"னு வச்சிரலாம். மடிப்பு நாற்காலி மாதிரி, எல்லாருக்கும் புரியும்.

புரியும் தம்பி, ஆனா தப்பா புரியும். இந்த வில் எங்கயும் மடியாது, கீலே கிடையாது. நடுவுல ஒரு பிடி, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு வளையற ரெண்டு பட்டை, மொத்தம் மூணு துண்டு. போல்ட்டை கழட்டினா மூணும் தனித்தனியா கையில வந்துரும், அவ்வளவுதான். என்னோடது 60 இன்ச், அதாவது முழு அஞ்சடி. பிடி 17 இன்ச், பட்டை ஒவ்வொண்ணும் ரெண்டடி சொச்சம். துணி வைக்கிற சூட்கேஸ்லயே ஸ்வெட்டருக்கு நடுவுல சொருகிடலாம். ஒரே துண்டு வில்லுன்னா அதுக்கு தனியா நீளப்பெட்டி வேணும், பக்கியில பின்னாடி போட்டா மேல எவனாவது கூலர் பாக்ஸை தூக்கி வைப்பான். (இங்க பிக்கப் வண்டிக்கு பக்கின்னுதான் பேரு. ஊருக்கு ஃபோன் போட்டு "அம்மா, பக்கி வாங்கியிருக்கேன்"னு சொன்னப்போ அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.)

> "ஒடிவில்" நல்லாருக்கே? ஒடிச்சு எடுத்துட்டு போறோம்ல?

வில்லு ஒடிஞ்ச கதை நமக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும், "எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்". அந்த வில்லை அப்புறம் யாரும் திரும்ப மாட்டல. அதனால வேண்டாம்.

> "பிரிவில்": வினைத்தொகை, சுருக்கம், சுத்தமான தமிழ்.

இலக்கணப்படி தப்பே இல்ல, ஆனா ஒரு வாக்கியத்துல போட்டுப் பாருங்க. "இந்த வருஷம் பிரிவில் ஒரு மான் கிடைத்தது." ஏதோ தலைவன் பொருள் தேடி போன இடத்துல தலைவி ஞாபகமா மான் அடிச்ச மாதிரி இல்ல? எங்க எழுதினாலும் "பிரிவு + இல்"னுதான் கண்ணு படிக்கும். கலைச்சொல்லுக்கு இது பெரிய குறை, ஏன்னா படிக்கிறவன் ஒவ்வொரு தடவையும் நின்னு யோசிக்கணும்.

> ஐயா எழுதினது: பூட்டுவில் என்பது பொருந்துமா? போல்ட் போட்டுப் பூட்டுகிறோம் அல்லவா.

ஐயா, எனக்கும் முதல்ல இதுதான் தோணிச்சு. ஆனா நன்னூல்ல பூட்டுவிற் பொருள்கோள்னு ஏற்கனவே இருக்கே. பாட்டோட முதல் சொல்லும் கடைசி சொல்லும் போய் சேர்றது, "திறந்திடுமின்"னு ஆரம்பிச்சு கடைசியில "கதவு"ன்னு முடியற அந்த முத்தொள்ளாயிர வெண்பாவைத்தானே பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தாங்க. அங்க பூட்டின வில்லுன்னா நாண் ஏத்தின வில்லு, ரெண்டு முனையும் நாணால சேர்ந்திருக்கறது. நமக்கோ நாண் ஏத்தறதுக்கும் முந்தின வேலைக்கு பேர் வேணும். அப்புறம் "பூட்டாத பூட்டுவில்"னு எழுதினா அது துண்டா இருக்கா, நாண் இல்லாம இருக்கான்னு குழம்பும். அந்தச் சொல்லை பழைய அர்த்தத்துலயே விட்டுரலாம்.

சரி, கழற்றுவில். இதுக்குத்தான் இதுவரைக்கும் ஓட்டு அதிகம், நானும் போன மாசம் இதுக்குத்தான் கை தூக்கினேன். ஒரு விஷயம் மட்டும், சிலர் சுருக்கறேன்னு "கழல்வில்"னு எழுதறீங்க, தயவுசெஞ்சு வேண்டாம். கழற்றுறது நாம செய்யறது, கழல்றது அதுவா கழண்டு விழறது. காட்டுப்பன்னி இருபது மீட்டர்ல நிக்கும்போது தானா கழல்ற வில்லை யாருக்கு வேணும்?

இப்போ நான் ஏன் கட்சி மாறினேன்னு சொல்றேன்.

கூட வந்தவர் டர்பன்ல பொறந்து வளந்த அண்ணன். அவங்க குடும்பம் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், இந்தியத் தோட்டத் தொழிலாளிகளை ஏத்திக்கிட்டு முதல் கப்பலா ட்ரூரோ 1860 நவம்பர்ல வந்து இறங்கினதுக்கு அப்புறம் வரிசையா வந்த கப்பல்கள்ல ஏதோ ஒண்ணு. தமிழ் வீட்டுல ஆயாவோட போச்சு, இப்போ சொல்லு சொல்லாத்தான் இருக்கு. அவர் என் வில்லை பாத்துட்டு தமிழ்ல இதுக்கு என்ன பேருன்னு கேட்டார். கழற்றுவில்னு சொன்னேன். நாலு தடவை சொல்லிப் பாத்தார், "கலத்து"ன்னுதான் வந்துச்சு, அது அவர் தப்பில்ல, சென்னையிலயே பாதிப் பேருக்கு அப்படித்தான் வருது. அர்த்தம் சொன்னதும் கேட்டார், "கழட்டறது வீட்டுலதானே தம்பி, இங்க வந்து நீ செய்யறது வேற ஆச்சே?"

யோசிச்சுப் பாருங்க, உண்மையிலயே வேலை முழுக்க அந்தப் பக்கம்தான் இருக்கு. கழட்டறது ரெண்டு நிமிஷம். போய் சேர்ந்து மாட்டறதுலதான் எல்லா தப்பும் நடக்கும். முதல் நாள் காலையில அஞ்சு மணி, ஜூலை குளிர், தலையில கட்டின லைட்டை வேற ரூம்லயே விட்டுட்டேன், பக்கியோட பின் கதவுல துண்டை விரிச்சு அதுமேல வச்சு மாட்டினேன். பிடியில ஒவ்வொரு பக்கமும் ஒரு போல்ட், பக்கத்துல ஒரு சின்ன முளை, பட்டையில இருக்கற ஓட்டை அதுல உக்காரணும், அப்புறம் அல்லன் கீயால முறுக்கணும். கச்சிதமா உக்காந்துச்சு. விடிஞ்சதும் பண்ணைக்காரர் வச்சிருந்த வைக்கோல் கட்டுல நாலு அம்பு விட்டேன், நாலும் வாலை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே போகுது, வில்லு வேற டங்குன்னு சத்தம். வல்வில் ஓரி ஒரே அம்புல யானை புலி மான் பன்னி உடும்புன்னு அஞ்சை உருவினவன், நமக்கு வைக்கோலே பெரும்பாடு. பாத்தா மேல் பட்டையை கீழயும் கீழ் பட்டையை மேலயும் மாட்டியிருக்கேன்! கீழ்ப்பட்டை இம்மி அதிக விறைப்பா செஞ்சிருப்பாங்க, இருட்டுல ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். என்னோடதுல நாணை இழுக்கற எடை எழுதியிருக்கறது கீழ்ப்பட்டை, வெளிச்சத்துல பாத்தாத்தான் தெரியும்.

நாணும் அப்படித்தான். திரிச்ச நாண், கண்ணியை (முனையில இருக்கற வளையத்தை) பட்டையிலேந்து உருவி பையில சும்மா போட்டா முறுக்கு பிரிஞ்சு நாண் நீளமாயிரும். பிடிக்கும் நாணுக்கும் நடுவுல எனக்கு ஏழே முக்கால் இன்ச் இருக்கணும், அன்னிக்கு அளந்தா ஏழுதான் இருந்துச்சு. கழட்டி, கொஞ்சம் முறுக்கு ஏத்தி, திரும்ப மாட்டி, திரும்ப அளந்து, காபி ஆறிப் போச்சு. இப்பல்லாம் ரெண்டு கண்ணியையும் ஒரு பேப்பர் கிளிப்ல கோத்துத்தான் வைக்கிறேன். நாண் ஏத்த காலுக்கு நடுவுல வில்லை விட்டு வளைக்கிறவங்க அதை நிறுத்துங்க, பட்டை முறுக்கிக்கும். ரெண்டு முனையிலயும் தொப்பி மாதிரி மாட்டி மிதிச்சு இழுக்கற கயிறு இருக்கே, ஐயா அதுக்கு கொடுத்த "நாணேற்றி" அருமை, அதுல எனக்கு மறுபேச்சு இல்ல.

ஆக இது வேட்டைக்காரன் கையில போய் மூட்டற வில். அதனால என் ஓட்டு மூட்டுவில். தச்சர் மரத்தை மூட்டறார், நாம லுங்கியை மூட்டறோம், எல்லார் வாயிலயும் இருக்கற சொல். டர்பன் அண்ணன்கிட்ட சொன்னேன். "மூட்டறது நெருப்பைத்தானே? ஆயா அடுப்பு மூட்டுவா"ன்னார். அதுவும் இருக்கு, இதுவும் இருக்குன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார், தைப்பூசத்துக்கு அவர் காவடி எடுக்கறப்போ வளைவை ரெண்டு துண்டா பக்கியில கொண்டு போய் கோயில் வாசல்ல வச்சுத்தான் சேர்ப்பாராம். "அப்போ அதுவும் மூட்டு காவடி." எனக்கு அது போதும்.

பட்டைக்கு என்னோட யோசனை "மட்டை". தென்னமட்டை பனமட்டைன்னு வளையற, நுனி மெலிஞ்ச பொருளுக்கு நம்ம ஊர்ல இருக்கற பேர். கிரிக்கெட்காரங்களும் குடிகாரங்களும் ஏற்கனவே எடுத்துக்கிட்டாங்க, பரவாயில்ல.

> ஃபிளைட்ல கொண்டு போக முடியுமா?

கேபின்ல முடியாது, அம்போட சேத்து செக்-இன் பெட்டிதான், அம்புமுனைகளை தனியா மூடி போட்டு வைங்க. இங்க 2000-ம் வருஷ துப்பாக்கி சட்டத்துக்குள்ள வில் வராது, ஆனா வேட்டை அனுமதி மாகாணத்துக்கு மாகாணம் வேற, பண்ணையில முன்னாடியே கேட்டுக்குங்க. வந்து இறங்கினதும் வெயில்ல நிக்கிற கார்ல மட்டும் விட்டுறாதீங்க, மட்டை எல்லாம் அடுக்கடுக்கா பசை போட்டு ஒட்டினது.

அன்புடன்,
ஜோபர்க்லேந்து

---

> லுங்கியை மூட்டினா அப்புறம் யாராவது பிரிப்பாங்களா? மூட்டினது மூட்டினதுதான். நீங்க சொல்ற உதாரணமே உங்களுக்கு எதிரா இருக்கு தம்பி. ஒரே துண்டு வில்லும் உள்ள பல பட்டை ஒட்டினதுதானே, அதுவும் மூட்டுவில்தான்னு ஒருத்தன் சொன்னா என்ன பதில்?

அக்கா, மாட்டிக்கிட்டேன். லுங்கியை வாபஸ் வாங்கிக்கறேன், காவடியை வச்சுக்கறேன். ஒட்டினதுக்கு ஒட்டுவில்னு தனியா சொல்லிக்கலாம், ஒட்டினது வேற மூட்டினது வேற, கைகால் மூட்டு ஒட்டினதா இருந்தா நாம நடக்கவே முடியாதே. ஆனா "பிரிக்கலாம்"ங்கற அர்த்தம் மூட்டுல தானா வராதுன்னு நீங்க சொல்றது சரி, அதை விளக்கத்துல எழுதித்தான் ஆகணும்.

---

> ஐயா எழுதினது: அகராதிப் பதிவில் மூட்டுவில் முதலில், கழற்றுவில் மாற்றுச்சொல்லாக. பூட்டுவில்லைத் திரும்பப் பெறுகிறேன். மட்டைக்கு இன்னும் ஒருவரும் கருத்துச் சொல்லவில்லையே?

நன்றி ஐயா. மட்டைக்கு ஆட்சேபணை இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, நான் ஏற்கனவே வெள்ளை பெயிண்ட்ல மேல்மட்டை, கீழ்மட்டைன்னு வில்லுமேல எழுதிட்டேன்.