டிகாஷன் கெட்டியாக இறங்க என்ன வழி?

வணக்கம். பித்தளை ஃபில்டருக்கு மாறியதிலிருந்து டிகாஷன் தண்ணீராகவே இறங்குகிறது. காபிப் பொடி அதேதான்: பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்ற இரண்டு வகைக் கொட்டையும் சரிபாதி, சிக்கரி 20 சதவீதம். பொடியின் மேல் வைக்கும் குடையை (காம்பு வைத்த துளைத்தட்டு) லேசாக அழுத்தி, கொதித்து அடங்கிய தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். எவர்சில்வர் ஃபில்டரில் அரை மணி நேரம் நிதானமாகச் சொட்டும். இதில் பத்து நிமிடத்தில் மேல் பாத்திரம் காலி. மணம் தூக்குகிறது, ஆனால் பாலில் கலந்தால் நிறமே ஏறவில்லை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளைகள் பழையதைவிடப் பெரிதாகத் தெரிகின்றன. பொடியை இன்னும் நைசாக அரைக்கச் சொல்லலாமா? அப்புறம் அடைத்துக்கொள்ளுமோ என்று யோசனை. சிக்கரியைக் கூட்டச் சொல்லாதீர்கள்; அம்மாவுக்கு அந்தக் கசப்பு ஆகவே ஆகாது. பித்தளை ஃபில்டர் புழங்குகிறவர்கள் எந்தப் பதத்தில் அரைத்து வாங்குகிறீர்கள்?